கூர்ந்து பார்த்தவர் எழுதிய நற்செய்தி

பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
நெகேமியா 8:2-4, 5-6, 8-10, 1 கொரிந்தியர் 12:12-30, லூக்கா 1:1-4, 4:14-21



இன்றைய நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை நாம் பெரும்பாலும் காதில் வாங்காமலே விட்டுவிடுகிறோம். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்கத்தான் மனம் ஓடுகிறது. திருச்சபையோ அந்த நான்கு வசனங்களையும் சேர்த்தே வாசிக்கச் சொல்கிறது. அவற்றில் லூக்கா தாம் வேலை செய்த விதத்தைச் சொல்கிறார். தமக்கு முன்பே பலர் எழுத முயன்றார்கள் என்கிறார். கண்ணால் கண்டவர்கள் சொன்னதுதான் தம் கைக்கு வந்தது என்கிறார். அதன் பிறகு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே கருத்தாய் ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தி, தியோபில் என்ற ஒருவருக்காக எழுத உட்கார்கிறார்.

லூக்கா ஆண்டவரை நேரில் கண்டவர் அல்லர். ஆனாலும் அவர் எழுதும்போது நாம் அந்தத் தொழுகைக்கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. இயேசு ஏட்டைச் சுருட்டுகிறார். அதை ஏவலரிடம் கொடுக்கிறார். பிறகு அமர்கிறார். கதை நகர இந்த மூன்று சிறு செயல்களும் தேவையே இல்லை. அவசரக்காரராக இருந்தால் விட்டிருப்பார். லூக்கா விடவில்லை. யாரோ ஒருவர் அந்தக் கைகளை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். அதை லூக்கா பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். இன்று நான் உங்களோடு பேச விரும்புவது இந்தப் பார்வையைப் பற்றித்தான். அன்பு எதைத் தொட்டாலும் கூர்ந்து பார்க்கும். கூர்ந்து பார்க்க நேரமில்லாத அன்பு சீக்கிரமே வெறும் பேச்சாகிவிடும்.

கோயிலுக்குள் வரும்போது வாசலில் ஒரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ டேனரியில் ஓடும் பெரிய இயந்திரம் என்று சிலர் நினைத்தீர்கள். பற்சக்கரங்கள், திருகாணிகள், நடுவில் சிவப்பாய்க் குளம்போல் ஒரு கல். அது ஒரு கைக்கடிகாரத்தின் உட்புறம். எச்.எம்.டி. ஜனதா. நம் பங்கைச் சேர்ந்த ஒரு தம்பி எடுத்த படம். பகலில் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை செய்கிறவர். இரவில், பழைய சாவி வாட்சுகளை மேக்ரோ லென்ஸ் வைத்துப் படம் எடுக்கிறார்.

பெரியவர்களுக்கு அந்த வாட்சைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கியது. பையன் பத்தாவது பாஸ் செய்தால் அது, மாப்பிள்ளைக்குச் சீராக அது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அது. காலையில் எழுந்ததும் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு போன தகப்பன்மார் நம் வீடு ஒவ்வொன்றிலும் இருந்தார்கள். பிறகு பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. 2016 ஜனவரியில் அந்தக் கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வாட்சுகள் மட்டும் பீரோக்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இன்னும் இருக்கின்றன. சாவி கொடுத்தால் பலவும் இன்றைக்கும் ஓடுகின்றன.

அந்தத் தம்பியோடு ஓர் இரவு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஜனதாவின் உள்ளே 17 கற்கள் இருக்கின்றன. செயற்கை மாணிக்கக் கற்கள். அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. சக்கரங்களின் அச்சு நுனி சுழலும் இடங்களிலும், ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி விடும் இடங்களிலும் உலோகத்தோடு உலோகம் உராய்ந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் தேயாத கல்லைப் பதித்து, அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் வைக்கிறார்கள். அதற்கு அருகில் பேலன்ஸ் வீல். அதன் நடுவே ஹேர் ஸ்பிரிங், பெயருக்கேற்றபடி தலைமுடிபோல் மெல்லிய ஒரு சுருள். மூச்சு விட்டால் ஆடுகிறது. அதுதான் அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறது. நொடிக்கு ஐந்து துடிப்பு. ஒரு மணி நேரத்தில் 18,000. ஒரு நாளில் 4,32,000. மணியைக் காட்டும் முள் நமக்குத் தெரிகிறது. அந்த மணி சரியாக இருப்பதற்குக் காரணமான சுருளோ டயலுக்குப் பின்னால், மூடிக்குள், யாரும் காணாமல் துடித்துக்கொண்டிருக்கிறது.

பின்மூடியைத் திருப்பி லென்ஸின் கீழ் வைத்தார். அதன் உட்புறத்தில் ஊசியால் கீறியதுபோல் சில எழுத்துகளும் எண்களும் தெரிந்தன. சர்வீஸ் செய்த ரிப்பேர்காரர்கள் தம் அடையாளத்துக்காக, தேதியோடு கீறிவைப்பது பழைய வழக்கமாம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கைகளின் கீறல்கள். இன்னோர் இடத்தில் ஒரு தகட்டின்மேல் விரல்ரேகை. எப்போதோ யாரோ வெறும் கையால் தொட்டிருக்கிறார். வியர்வையின் உப்பு உலோகத்தை அரித்து, ரேகை அப்படியே பதிந்துவிட்டது. வெளியே பார்த்தால் சாதாரண வாட்ச். உள்ளே எத்தனை பேருடைய உழைப்பு, எத்தனை பேருடைய தொடுதல்! நம் பிள்ளைகளும் அப்படித்தானே? யார் யாருடைய கைகளோ அவர்களைச் சரிசெய்திருக்கின்றன. யாருடைய கவனமில்லாத ஒரு தொடுதலோ அழியாமல் அவர்களுக்குள் பதிந்திருக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் தெரியாது. திறந்து பார்க்கிறவர் ஆண்டவர் ஒருவரே. நம் உள்ளத்தை ஆராய்ந்து அறிகிறவர் என்று திருப்பாடல் ஆசிரியர் அவரைப் பற்றிப் பாடியிருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் போதும்.

இவ்வளவு அருகில் போய்ப் படம் எடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் தெளிவாக விழாது. பொருளும் படமும் ஒரே அளவில் இருக்கும்படி எடுத்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாகக் கிடைக்கும். ஐந்து மடங்கு பெரிதாக்கினால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. கல் தெளிவாக விழுந்தால் அதற்கு மேலே இருக்கும் திருகாணி மங்கிவிடும். திருகாணியைப் பிடித்தால் சுருள் காணாமல் போகும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி ஆழத்தைக் கூட்டலாமே என்று கேட்டேன். ஓரளவுக்குச் செய்யலாமாம். அதற்கு மேல் போனால் சிறு துளை வழியே வரும் ஒளி சிதறி, படம் முழுவதுமே கூர்மை இழந்துவிடும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் எதையுமே சரியாகப் பிடிக்க முடியாது.

அப்படியானால் வாசலில் இருக்கும் படம் எப்படி மேலிருந்து கீழ்வரை தெளிவாக இருக்கிறது? கேமராவை ஒரு சிறு தண்டவாளத்தில் ஏற்றி, ஒரு முடி கனத்துக்கும் குறைவாக நகர்த்தி, ஒரு படம் எடுக்கிறார். மறுபடி நகர்த்தி இன்னொன்று. இப்படிப் பல படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல். பிறகு கணினியில் அந்தத் தெளிவான கீற்றுகளை மட்டும் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நடுவில் நாலைந்து படங்கள் விட்டுப்போனால், முடிந்த படத்தில் அந்த இடம் மங்கலாகவே நிற்கும். பக்கத்துப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குறையைத் தீர்க்காது.

பிரியமானவர்களே, லூக்கா செய்தது இதுதான். பலர் கண்டதை ஒன்றுசேர்த்தார். இடையர்கள் கண்டதை வைத்தார். கோவிலில் காத்திருந்த சிமியோனும் அன்னாவும் கண்டதை வைத்தார். மரியா தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்ததையும் வைத்தார். ஆண்டவரை முழுவதும் கண்டேன் என்று சொல்ல அவர்களில் ஒருவராலும் முடியாது. ஒவ்வொருவரும் ஒரு கீற்றைத் தெளிவாகக் கண்டார்கள். அவையெல்லாம் சேர்ந்தபோதுதான் நற்செய்தி நம் கைக்கு வந்தது.

நம் ஜவ்வாது மலையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இதே மலைத்தொடரில் காவலூரில் விண்ணோக்கு நிலையம் இருப்பதை அறிவீர்கள். 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் காட்சிக்காக அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். அப்போது நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. அதே இரவில் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அதையே நோக்கிக்கொண்டிருந்தார்கள். வேறு இடங்களிலும் பார்த்தவர்கள் இருந்தார்கள். எல்லாருடைய பதிவுகளையும் ஒப்பிட்டபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. காவலூரில் விழித்திருந்தவர்கள் கண்டது சில நொடி மங்கல்தான். ஆனால் அந்தச் சில நொடிகளை அவர்கள் விட்டுவிடவில்லை.

இப்போது பவுலடியாரிடம் வருவோம். கொரிந்துச் சபையில் சண்டை. என் வரம் பெரிதா, உன் வரம் பெரிதா என்று போட்டி. பவுல் அவர்களுக்கு உடலைக் காட்டுகிறார். கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்கிறார். அதோடு நிற்கவில்லை. வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார். ஹேர் ஸ்பிரிங்கை லென்ஸ் வழியாகப் பார்த்த பிறகு அந்த வசனம் எனக்குப் புதிதாக விளங்கியது. உள்ளே இருப்பவற்றில் அதுதான் மிக மெலிந்தது. கொஞ்சம் வளைந்தாலும் வாட்சின் ஓட்டமே தவறிவிடும். பங்குப் பேரவையில் பேசத் தெரிந்தவர்கள் பேசுகிறோம். பேசாமல் ஜெபிக்கிற பாட்டி ஒருவர் இருக்கிறார். திருப்பலிக்கு முன்னால் பாயை விரித்து, முடிந்ததும் சுருட்டி வைக்கிற சிறுவன் இருக்கிறான். எந்த நேரத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஓடுகிற அக்கா இருக்கிறார். அவர்கள் கண்ட ஆண்டவரின் கீற்றை நாம் கேட்டதுண்டா? கேட்காமல் விட்டால் நம் பங்கின் விசுவாசத்தில் அந்த இடம் மங்கலாகவே இருக்கும்.

ஓசூரில் டைட்டன் நிறுவனம் இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது. வாட்சு கோக்கும் அந்த நுண்ணிய வேலைக்கு அவர்கள் மாற்றுத்திறனாளிகளையும் எடுத்தார்கள். எது குறை என்று ஊர் சொன்னதோ, அது அந்த மேசையில் குறையாகத் தெரியவில்லை. ஓர் ஆலை இதைக் காண முடியும் என்றால், கிறிஸ்துவின் உடலாகிய நாம் காணாமல் இருக்கலாமா?

உங்களில் பலருக்குக் கூர்ந்து பார்ப்பது பிழைப்பு. தோலை விரித்து வைத்து, இது உண்ணி கடித்த தழும்பு, இது முள் கீறியது, இது நரம்புத் தடம் என்று ஒரே பார்வையில் தரம் பிரிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு தையல் பிசகினாலும் ஷூவின் மேல்தோலைத் திருப்பி அனுப்புகிற சகோதரிகள் இருக்கிறீர்கள். ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் இவ்வளவு கவனம் கொடுக்கிற இந்த வட்டாரம், அந்தத் தோலைத் தொடுகிற மனிதருக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறது?

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது நம்மில் யாருக்கேனும் தெரியுமா? நம் காலில் கிடக்கும் செருப்புக்கும் கையில் கட்டும் வாட்சின் தோல்பட்டைக்கும் பின்னால், மூடிக்குள் துடித்துக்கொண்டிருந்த உயிர்கள் அவர்கள். இன்று மன்றாட்டில் அவர்களுக்காக வேண்டுவோம். அவர்களைப் போல இன்றும் நம் நடுவே வேற்று மொழி பேசி, ஓர் அறையில் பத்துப் பேராய்ப் படுத்து எழும் தொழிலாளிகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

கூர்ந்து பார்த்தால் நீதியும் வரும். பாலாற்றங்கரையில் தோல் கழிவுநீரால் கிணற்று நீர் கெட்டதைக் கண்டு சும்மா இராதவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தார்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிற தீர்ப்பு அது. அதன் தொடக்கம், தங்கள் குடத்திலிருந்த தண்ணீரை உற்றுப் பார்த்த சாதாரண மனிதர்கள்தான். ஏழைக்கு நற்செய்தி, பார்வையற்றோர்க்குப் பார்வை, ஒடுக்கப்பட்டோர்க்கு விடுதலை. ஆண்டவர் எசாயாவின் ஏட்டிலிருந்து வாசித்தபோது இவை மூன்றும் ஒன்றாகவே வந்தன. பார்வை கிடைக்காத இடத்தில் விடுதலை வராது.

ஆனால் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. பளபளப்பான உலோகத்தின்மேல் நேராக விளக்கைப் பாய்ச்சினால் ஓரிடம் வெள்ளையாய் எரிந்துபோகும், மற்ற இடம் கருத்துவிடும். அதனால் அந்தத் தம்பி வாட்சைச் சுற்றி டிரேசிங் பேப்பர் கட்டி, ஒளியை அதன் வழியே மென்மையாக்கி விடுகிறார். அப்போதுதான் கீறலும் தெரிகிறது, கீறலுக்குப் பக்கத்தில் உலோகத்தின் அழகும் தெரிகிறது. நாம் வீட்டில் ஒருவர் குறையை எப்படிப் பார்க்கிறோம்? மருமகளின் குறைமேல், மகனின் மதிப்பெண்மேல், குடித்துவிட்டு வந்த கணவன்மேல் ஒரே பாய்ச்சலாய்ச் சுடுசொல்லைப் பாய்ச்சினால், குறை மட்டும் எரிந்து தெரியும், மனிதர் மறைந்துபோவார். குறையை மறைக்கச் சொல்லவில்லை. குறையும் மனிதரும் சேர்ந்து தெரிகிற ஒளியில் பார்க்கச் சொல்கிறேன். ஆண்டவர் சக்கேயுவைப் பார்த்த ஒளி அது. பேதுருவைத் திரும்பிப் பார்த்த ஒளி அது. இரண்டையும் நமக்குச் சொன்னவர் இதே லூக்காதான்.

இன்னொன்றும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வாட்சை இப்படிப் பல படங்களாய் எடுத்துச் சேர்க்க முடியாது. பேலன்ஸ் வீல் ஒரு மங்கலாய்த்தான் விழும். ஓட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சாலையில் லாரி போனால்கூட அதிர்வு படத்தில் தெரியும் என்று நடுராத்திரிக்கு மேல்தான் எடுக்கிறார். நெகேமியா நூலில் எஸ்ரா விடியலிலிருந்து நண்பகல்வரை வாசித்தார் என்று கேட்டோம். ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் நின்று கேட்டார்கள். வாசித்ததன் பொருளை விளக்கிச் சொன்னார்கள். மக்கள் அழுதார்கள். பிறகு, அழ வேண்டாம், போய் நல்ல உணவு உண்ணுங்கள், ஒன்றும் இல்லாதவர்க்கும் ஒரு பங்கை அனுப்புங்கள் என்று சொல்லப்பட்டது. நின்று கேட்டதால்தான் அழுகை வந்தது. அந்த அழுகைதான் பகிர்வாக மாறியது. கம்பெனி வேன் பிடிக்க நாலு மணிக்கு எழுந்து, இரவு எட்டு மணிக்குத் திரும்புகிற உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு அருமையானது என்று எனக்குத் தெரியும். ஓவர்டைம் கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு என்று தெரியும். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிறன்று ஒரு மணி நேரமாவது ஓட்டத்தை நிறுத்துங்கள். செல்போனை வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.

தொழுகைக்கூடத்தில் இருந்த எல்லாருடைய கண்களும் இயேசுவை உற்றுநோக்கின என்கிறார் லூக்கா. அப்போது ஆண்டவர் சொன்ன முதல் சொல் ‘இன்று’. என்றோ ஒரு நாள் நிறைவேறும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வாக்கு அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நிறைவேறியது. அந்த ‘இன்று’ நமக்கும் உரியது. ஆனால் தொடர்ந்து வாசித்தால், அதே மக்கள் கொஞ்ச நேரத்தில் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் போனதைக் காண்போம். இவர் யோசேப்பின் மகன்தானே என்று சொல்லி, தங்களுக்குத் தெரிந்ததோடு பார்வையை நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்தவர்தானே என்று ஒருவரைப் பார்க்காமல் விடுவது நாசரேத்தின் பாவம். குடும்பத்திலும் பங்கிலும் நாம் அதிகம் செய்வது அந்தப் பாவத்தைத்தான்.

ஆகவே இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நீங்கள் நினைத்திருக்கிற ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனைவியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், பக்கத்து மெஷினில் தைக்கிற பெண்ணாக இருக்கலாம், மலையிலிருந்து சீத்தாப்பழமும் சாமையும் கொண்டுவந்து விற்கிற அம்மாவாக இருக்கலாம். அவரிடம் உட்காருங்கள். அவர் வாழ்க்கையில் ஆண்டவர் எங்கே தொட்டார் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அன்பியக் கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள். அவர் கண்ட கீற்றும் நீங்கள் கண்ட கீற்றும் சேரட்டும். அமிர்தியில் கூடும் இந்தச் சிறு சபை ஆண்டவரை இன்னும் கொஞ்சம் தெளிவாகக் காணட்டும்.

நம் தலைமுடிகளையும் எண்ணி வைத்திருக்கும் தந்தை நமக்குத் தம் பார்வையைத் தருவாராக. எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம். ஆமென்.